உடலின் வரவு செலவுக் கணக்கு

இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறோம். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் எந்த வேலையும் செய்யாமல் கிடந்திருக்கிறோம். ஆயினும் எழுந்து பல் துலக்கியதுமே வயிறு பசிக்கிறது. உழைக்காதவனுக்குப் பசி ஏன்? தூங்கிய நேரத்தில் உடல் எதைச் செலவழித்தது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல், ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி ஆற்றலைச் செலவிடுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் எட்டு மணி நேரத்தில் 480 கிலோ கலோரி செலவழித்து விடுகிறார். நம் வீட்டு இட்லி ஒன்று ஏறத்தாழ ஐம்பது கிலோ கலோரி தரும் என்று கொண்டால், அவர் தூங்கியபடியே பத்து இட்லிகளை எரித்துத் தீர்த்திருக்கிறார்! (இயற்பியல் வகுப்பில் படிக்கும் கலோரி ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவது. உணவைப் பற்றிப் பேசும்போது அதைப்போல் ஆயிரம் மடங்கான கிலோ கலோரியைத்தான் கூறுகிறோம். பலர் 'கிலோ'வை விழுங்கிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமன்று.)

இதையே வாட் அலகில் சொல்லலாம். மணிக்கு அறுபது கிலோ கலோரி என்பது 70 வாட். விழித்திருந்து நடமாடும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கிலோ கலோரி செலவழிப்பவரின் சராசரித் திறன் 97 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று இரவு பகலாக எரிவதற்கு ஒப்பானது இது. ஐந்நூறு பேர் கூடியிருக்கும் கல்யாண மண்டபத்தில் ஐம்பது கிலோவாட் அடுப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது. புழுக்கத்திற்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று.

இவ்வாறு உணவைச் சிதைத்து ஆற்றலைப் பெறுவதும், அந்த ஆற்றலைக் கொண்டு உடலைக் கட்டுவதும், பழுது பார்ப்பதும், இயக்குவதும் ஆகிய வேதிச் செயல்கள் அனைத்தையும் சேர்த்து 'வளர்சிதை மாற்றம்' என்கிறோம். உயிரியல் பாடத்தில் வரும் சொல்தான். ஆனால் இதன் வரலாற்றில் பாதி இயற்பியலுக்குச் சொந்தமானது.

பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு கினிப்பன்றி

1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலம். பாரிஸ் நகரில் வேதியியலறிஞர் லவாய்சியரும் கணித மேதை லாப்லாசும் ஒரு கருவியை அமைத்தனர். நடுவில் ஒரு கூண்டு. அதைச் சுற்றிப் பனிக்கட்டி. அதற்கும் வெளியே இன்னொரு பனிக்கட்டி உறை. அறையின் வெப்பம் வெளி உறையோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகினால், கூண்டில் இருப்பது தந்த வெப்பமே அதற்குக் காரணமாதல் வேண்டும். கூண்டினுள் ஒரு கினிப்பன்றியை விட்டனர். பத்து மணி நேரத்தில் பதின்மூன்று அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 கிராம் பனிக்கட்டி உருகி வடிந்தது.

பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி என்பது நீங்கள் அறிந்ததே. பெருக்கிப் பாருங்கள், 32 கிலோ கலோரி வரும். அச்சிறு பிராணியின் திறன் ஏறத்தாழ நான்கு வாட்.

அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதே நேரத்தில் அப்பிராணி வெளிவிடும் கரியமில வாயு எவ்வளவு என்று தனியாக அளந்தனர். அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்றும் கணக்கிட்டனர். பத்தரை அவுன்சுக்குச் சற்றுக் குறைவாக விடை கிடைத்தது. பதின்மூன்றும் பத்தரையும் ஒன்றல்ல; ஆனால் நெருங்கியவை. உணவில் கரியோடு ஹைட்ரஜனும் எரிகிறது என்பதும், பனியின் நடுவில் பிராணியின் கைகால்கள் குளிர்ந்து சிறிது வெப்பத்தை இழந்தன என்பதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள். மூச்சுவிடுதல் என்பது மெல்ல நிகழும் எரிதலே என்ற முடிவுக்கு லவாய்சியர் வந்தார். சுடர் இல்லை, புகை இல்லை. ஆயினும் அது எரிதல்தான்.

சில ஆண்டுகள் கழித்து அவர் தம் உதவியாளர் செகான் என்பவரையே சோதனைப் பொருளாக்கி, அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார். குளிரில் அது சற்றுக் கூடியது. உண்டபின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. எடையைத் தூக்கி வேலை செய்தபோது இரண்டரை மடங்கையும் தாண்டியது. வளர்சிதை மாற்ற வீதத்தை மாற்றும் மூன்று முக்கியக் காரணங்களை அந்த ஒரே ஆய்வு காட்டிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் 1794ஆம் ஆண்டு மே மாதம் லவாய்சியரின் தலை வெட்டப்பட்டது. அவர் இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் இந்தத் துறை எங்கே போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கப்பல் மருத்துவர் கண்ட சிவப்பு

ஆற்றல் அழிவின்மை விதியைப் படிக்கும்போது ஜூல் என்பவரின் துடுப்புச் சக்கரச் சோதனையைப் படிக்கிறோம். அவருக்குச் சற்று முன்னரே அவ்விதியைச் சொன்னவர் ஒரு மருத்துவர் என்பது பாடப் புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

ஜெர்மானியரான ராபர்ட் மேயர் 1840இல் ஒரு டச்சுக் கப்பலின் மருத்துவராக ஜாவாத் தீவுக்குச் சென்றார். நோயுற்ற மாலுமிகளுக்குச் சிறிது இரத்தம் வடித்து விடுவது அக்கால வைத்தியம். சுரபாயா துறைமுகத்தில் அப்படி ஒருவரின் கைச் சிரையைக் கீறியபோது கருஞ்சிவப்பாக வரவேண்டிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தமனியைத் தவறி வெட்டிவிட்டோமோ என்று மேயர் திடுக்கிட்டார். உள்ளூர் மருத்துவர்களோ, வெப்ப நாடுகளில் இது வழக்கந்தான் என்றனர். மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டதை மேயர் விடவில்லை. வெப்பமான ஊரில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைவாக எரித்தால் போதும். ஆகவே இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று எண்ணினார். அப்படியானால் ஒரு மனிதன் வேலை செய்யும்போது வெளிப்படும் வெப்பமும் செய்யும் வேலையும் இரண்டுமே ஒரே உணவுக் கணக்கிலிருந்துதானே வரவேண்டும்? வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவையாக இருந்தாலன்றி இக்கணக்கு நேராகாது!

ஊர் திரும்பியதும் எழுதினார். முதற்கட்டுரையை ஓர் இதழ் கண்டுகொள்ளவேயில்லை. இரண்டாவது 1842இல் வெளிவந்தது. 365 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுவதில் உள்ள ஆற்றல், அதே எடையுள்ள நீரை ஒரு டிகிரி சூடாக்கும் என்று அதில் கணக்கிட்டிருந்தார். (இன்றைய மதிப்பு 427 மீட்டர்.) இரத்தத்தின் நிறத்துக்கு அவர் சொன்ன காரணம் முழுவதும் சரியன்று, வெப்பத்தில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெருகுவதே அதற்கு முக்கியக் காரணம் என்று இன்று அறிகிறோம். அரைகுறையான காரணத்தைப் பிடித்துக்கொண்டு சரியான விதியை அடைந்தவர் அவர். அறிவியலில் இப்படியும் நடப்பதுண்டு.

பெட்டிக்குள் பரீட்சை

மனித உடல் உண்மையிலேயே இவ்விதிக்குக் கட்டுப்படுகிறதா, அல்லது 'உயிராற்றல்' என்று ஒன்று இடையில் புகுந்து கணக்கை மாற்றுகிறதா? இதற்கு விடை காண அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியரும் ரோசா என்ற இயற்பியல் பேராசிரியரும் 1890களில் ஒரு பெரிய பெட்டியைக் கட்டினர். ஏழடி நீளம், நாலடி அகலம். ஆள் நிற்கலாம், படுக்கலாம். மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை எல்லாம் உண்டு. சுவர்கள் வெப்பத்தை உள்ளேயும் விடா, வெளியேயும் விடா. உள்ளே ஓடும் குழாய் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதைக் கொண்டு வெப்பத்தை அளந்தனர். சோதனைக்கு வந்தவர்கள் நாட்கணக்கில் உள்ளேயே உண்டு, உறங்கி, மிதிவண்டி மிதித்தனர். சென்ற உணவு, வந்த கழிவு, மூச்சுக் காற்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. வரவும் செலவும் ஒரு விழுக்காடுகூட வேறுபடவில்லை. மாவுப்பொருள் கிராமுக்கு நான்கு, புரதம் நான்கு, கொழுப்பு ஒன்பது கிலோ கலோரி என்று இன்றும் நாம் பயன்படுத்தும் எண்கள் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து வந்தவை.

இவர்களுக்குப் பின் வந்த பெனடிக்ட் செய்த ஒரு சோதனை உங்களுக்குப் பிடிக்கும். கல்லூரி மாணவர்களை இத்தகைய பெட்டிக்குள் உட்கார வைத்து உண்மையான பரீட்சையை எழுதச் செய்தார். பிறகு இன்னொரு நாள் அதே பெட்டியில் எதையோ பார்த்து எழுதச் சொன்னார். மூளையைக் கசக்கியதற்காக எவ்வளவு ஆற்றல் கூடுதலாகச் செலவாயிற்று? பொருட்படுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை! ஒரு மணி நேரக் கடும் மூளை உழைப்புக்கு அரை நிலக்கடலைப் பருப்பு போதும் என்று பின்னாளில் கணக்குச் சொன்னார் அவர். 'படித்துக் களைத்துவிட்டேன்' என்று இன்னொரு தட்டுப் பலகாரம் கேட்பவர்கள் இப்பகுதியை அம்மாவிடம் காட்டாதிருப்பது நலம்.

மூளை ஆற்றலே கேட்பதில்லை என்று இதற்குப் பொருளல்ல. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளிடம் இது பாதிக்கும் மேல். யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் மூளைக்கு இது தேவை. அதனால்தான் யோசிப்பதன் கூடுதல் செலவு தெரிவதில்லை.

யார் எவ்வளவு கேட்கிறார்கள்?

உறுப்புகளின் கேட்பும் ஒன்றுபோல் இல்லை. இதயமும் சிறுநீரகங்களும் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 440 கிலோ கலோரி, மூளை 240, கல்லீரல் 200. ஓய்வில் இருக்கும் தசையோ வெறும் 13. கொழுப்பு அதிலும் மூன்றில் ஒரு பங்கு. தசையை வளர்த்தால் சும்மா இருக்கும்போதே ஏராளமாக எரியும் என்று விளம்பரங்கள் சொல்வதை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ புதுத் தசை நாள் முழுவதும் எரிப்பது கால் இட்லி. உழைக்கும்போதுதான் தசையின் செலவு பலமடங்கு பெருகுகிறது.

அவ்வுழைப்பையும் அளப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள மாணவன் நூறு மீட்டர் உயரமுள்ள மலைக்கோயிலுக்குப் படியேறுகிறான். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை 50 × 9.8 × 100 = 49,000 ஜூல்; பன்னிரண்டு கிலோ கலோரிக்கும் குறைவு. தசை எஞ்சினின் பயனுறுதிறன் ஏறத்தாழ 25 விழுக்காடு. ஆகவே உண்மையில் செலவானது 47 கிலோ கலோரி. மூச்சு வாங்கி, வேர்த்து விறுவிறுத்து மலையுச்சியை அடைந்ததன் விலை ஒரே ஒரு இட்லி! ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி சேமிப்பாக உள்ளது. அதைக் கரைக்க அம்மலையில் நூற்றறுபது முறைக்கு மேல் ஏறவேண்டும். பஞ்ச காலங்களில் நம் முன்னோரைக் காப்பாற்றிய சேமிப்பு இது. எளிதில் கரைந்தால் சேமிப்பாகாது.

செலவைக் கூட்டிக் குறைக்கும் வேறு காரணங்களும் உண்டு. காய்ச்சலில் உடல் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஓய்வுச் செலவு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடும். உண்ட உணவைச் செரிப்பதற்கே உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போகும். புரதத்துக்கு இன்னும் அதிகம். குளிரில் நடுங்குவதும் தசை உழைப்பே. கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பி சுரக்கும் தைராக்சின், உடலின் வேகத்தையே நிர்ணயிக்கிறது. அது மிகுந்தால் மெலிவு, படபடப்பு, வியர்வை. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மந்தம். இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து எளிதில் சரிசெய்யக் கூடிய கோளாறு இது. அயோடின் இல்லாமல் தைராக்சின் உண்டாகாது; உப்பில் அதைக் கலப்பது இதற்காகத்தான்.

அரங்கின் அடியில் முப்பத்தாறு பேர்

வரவைக் குறைத்தால் என்ன ஆகும்? மெலிய வேண்டும் என்று காலை உணவையும் இரவு உணவையும் விட்டுவிடும் மாணவிகளையும் மாணவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். அவர்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்பதை அறிய, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். போர் செய்ய மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த இளைஞர் முப்பத்தாறு பேர் தாமாக முன்வந்தனர். பல்கலைக் கழகத்தின் கால்பந்து அரங்கின் அடியில் இருந்த அறைகளில் தங்கினர். பன்னிரண்டு வாரம் நல்ல உணவு; நாளுக்கு ஏறத்தாழ 3,200 கிலோ கலோரி. பின்னர் இருபத்து நான்கு வாரம் அதில் பாதி மட்டுமே. வாரத்துக்கு இருபத்திரண்டு மைல் நடக்கவும் வேண்டும்.

எடை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் ஓய்வுச் செலவு ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது! உடல் சிறுத்ததால் மட்டும் இவ்வளவு குறையாது. மிஞ்சியிருந்த உடலும் சிக்கனத்தைக் கைக்கொண்டது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தைந்து அளவுக்கு இறங்கியது. உடல் வெப்பநிலை தாழ்ந்தது. கோடைக் காலத்தில் கம்பளி கேட்டனர். முடி உதிர்ந்தது. படியேறக் கால் வரவில்லை. புத்தகத்தில் மனம் ஊன்றவில்லை. சமையல் குறிப்புகளை மட்டும் விழுந்து விழுந்து படித்தனர். சோறு ஒன்றே நினைவாயிற்று. வரவு குறைந்த குடும்பம் விளக்கை அணைத்து, கூரை ஒழுகினாலும் பழுது பார்க்காமல் ஒத்திப்போடுவது போல, உடலும் செய்தது. ஆற்றல் அழிவின்மை விதி எள்ளளவும் மீறப்படவில்லை. செலவுப் பக்கத்தை உடல் தானே திருத்தி எழுதிக்கொண்டது.

சோதனை முடிந்து நிறைய உண்ணத் தொடங்கியபோது கொழுப்புத்தான் முதலில் விரைந்து திரும்பியது. தசை பின்தங்கியது. பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் மீண்டும் பருப்பது ஏன் என்பதன் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. சோதனைக்கு உட்பட்டவர்கள் முழு வளர்ச்சி அடைந்த ஆண்கள். வளரும் வயதில் இதே சிக்கனம் வேறு இடங்களிலும் கைவைக்கும். எலும்பின் வளர்ச்சி தடைப்படும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். அந்த உயரமும் எலும்பின் உறுதியும் பின்னர் முழுவதும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வரவைக் குறைத்தால் உடல் சிக்கனம் பிடிக்கிறது. செலவை மருந்தால் கூட்டினால் என்ன என்றும் சிலர் முயன்றனர். 1933 முதல் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் மெலிய வைக்கும் மருந்தாக விற்றது. முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட பொருள் அது. செல்லினுள் உணவு எரிந்து வரும் ஆற்றல் முதலில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் பிடித்து வைக்கப்படுகிறது. அதைத்தான் தசையும் நரம்பும் செலவழிக்கின்றன. இந்த விஷம் அப்பிடிப்பை அறுத்துவிடுகிறது. உணவு எரியும், வேலை நடவாது, எல்லாம் வெப்பமாகும். பலர் கண்புரையால் பார்வை இழந்தனர். சிலர் உடல் கொதித்தே இறந்தனர். 1938இல் அந்நாட்டில் அது தடுக்கப்பட்டது. இன்றும் திருட்டுத்தனமாக விற்கப்படுகிறது. இன்றும் உயிர்களைக் குடிக்கிறது. வளர்சிதை மாற்றத்தைத் தூண்டும் பொடி என்று யார் எதை விற்றாலும் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வரும்.

இரு ஐசோடோப்புகளின் சாட்சி

பெட்டிக்குள் அடைபட்டவரின் செலவை அளக்கலாம். காட்டிலும் வயலிலும் திரியும் மனிதரின் செலவை எப்படி அளப்பது? இங்கே மறுபடியும் இயற்பியல் கைகொடுத்தது. டியூட்டிரியமும் ஆக்சிஜன்-18உம் சிறிது கலந்த நீரைக் குடிக்கச் செய்கிறார்கள். இரண்டும் கதிரியக்கம் இல்லாதவை, தீங்கற்றவை. டியூட்டிரியம் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் இரு வழிகளில் வெளியேறும். ஆகவே ஆக்சிஜன் விரைந்து குறையும். சில நாட்கள் சிறுநீரைச் சோதித்து இரண்டின் வேறுபாட்டைக் கண்டால் வெளியேறிய கரியமில வாயுவின் அளவு தெரிந்துவிடும். அதிலிருந்து எரிந்த உணவின் அளவும் தெரியும். லிஃப்சன் என்பவர் 1950களில் எலிகளிடம் கண்ட முறை இது. ஆக்சிஜன்-18இன் விலை அதிகமாக இருந்ததால் மனிதரிடம் பயன்பட 1980கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2012இல் இம்முறையால் தான்சானியாவின் ஹாட்சா மக்களை அளந்தனர். அவர்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்பவர்கள். ஆண்கள் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டபின் பார்த்தால், அவர்களின் நாட்செலவு அமெரிக்க நகரங்களில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரின் செலவைவிடக் கூடுதலாக இல்லை! நடைக்குச் செலவிடுவதை உடல் வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். எவ்வளவு மிச்சம், எங்கே என்பதில் விவாதம் ஓயவில்லை. நடையும் விளையாட்டும் இதயத்துக்கும் எலும்புக்கும் செய்யும் நன்மை வேறு கணக்கு. அதில் விவாதமே இல்லை.

2021இல் இன்னும் பெரிய முடிவு ஒன்று வெளிவந்தது. இருபத்தொன்பது நாடுகளில், எட்டு நாள் குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் மேற்பட்டோரின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தனர். உடல் அளவுக்கு ஈடு செய்து பார்த்தால், ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாக எரிக்கிறது. அங்கிருந்து இருபது வயது வரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறங்குகிறது. உங்கள் வயதில், அதாவது பருவமடையும் காலத்தில், ஒரு பெரிய எழுச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தனர். இல்லை. உங்கள் பசி பெரிதாகத் தெரிவதற்கு நீங்கள் பெரிதாகி வருவதே போதுமான காரணம். இருபதிலிருந்து அறுபது வரை கோடு ஏறாமலும் இறங்காமலும் செல்கிறது. 'முப்பதைத் தாண்டியதும் உடல் எரிப்பது குறைந்துவிட்டது' என்று தொப்பையைத் தடவிக்கொண்டு சொல்லும் என் வயதுக்காரர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி. அறுபதுக்குப் பின்னர்தான் கோடு சரியத் தொடங்குகிறது. தொண்ணூறுகளை எட்டியவர்கள் நடுவயதினரைவிடக் கால் பங்கு குறைவாக எரிக்கிறார்கள். தசை குறைவதால் மட்டும் இது வரவில்லை. திசுக்களின் வேகமே தணிகிறது. ஏன் தணிகிறது என்பதை இப்போது ஆராய்ந்து வருகின்றனர்.